எழுநூறாவது மீட்டரில் நின்ற குண்டு

தவசிமுத்து சுட்ட கடைசிக் குண்டு எழுநூறாவது மீட்டரில் ஹேங் ஆகிவிட்டது. இலக்குப் பலகைக்கு இன்னும் இருநூறு மீட்டர் பாக்கி. குண்டு கீழே விழவில்லை. நெஞ்சு உயரத்தில், நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

துப்பாக்கி சுடுவோர் சங்கத்து விதி கறாரானது. எழுபது தாண்டியவர் ஒரு குண்டைத் தவறவிட்டாலும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். தவசிமுத்துவுக்கு எழுபத்திரண்டு. ஐந்து மணிக்குள் பலகையில் ஓட்டை விழாவிட்டால் தவறியதுதான்.

சுடுதள அதிகாரி பிலவேந்திரன் தொலைநோக்கியை இறக்கினார்.

"பஃபர் ஆகுது அண்ணாச்சி. காத்து ஸ்லோவா இருக்கு."

"அப்போ காத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்வே. இதையும் நான்தான் சொல்லணுமா?"

செய்தார்கள். காற்று அணைந்தது. கொடிகள் தொங்கின. முப்பது எண்ணிவிட்டு மறுபடி போட்டார்கள். மலைப்பக்கமிருந்து புதுக்காற்று வந்தது. குண்டு அசையவில்லை.

"கேன்சல் கொடுத்திருதேன் அண்ணாச்சி. துப்பாக்கியைக் கொடுத்துருங்க. மரியாதையா ஒரு பொன்னாடை போடுதோம்."

"நீரே போர்த்திக்கிடும். குளிருக்கு ஆகும்."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். முழங்கால் வலித்தது. அதையும் திட்டினார். குண்டின் எதிரில் போய் நின்றபோது மணி நாலே முக்கால்.

புதிய விதிமுறைகளை ஏற்கிறீரா என்று குண்டு கேட்டது. முதல் விதியே வயதைப் பற்றித்தான்.

"ஏத்துக்கிட மாட்டேன்."

குண்டு சுற்றியது. மறுபடி கேட்டது.

"மாட்டேன்னா மாட்டேன்லே. நாளைக்கு வரைக்கும் கேளு."

ஐந்துக்கு நாலு நிமிஷம். பலகைக்கு அடியிலிருந்த குழியிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். பலகையை ஏற்றி இறக்கி ஓட்டைக்குக் காகிதம் ஒட்டுகிறவள். ஆள் உயரப் பலகையைத் தலையில் சுமந்து இருநூறு மீட்டரும் விறுவிறுவென நடந்து வந்தாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி."

பலகையின் நடுக்கறுப்பைக் குண்டின் மூக்கில் வைத்து அழுத்தினாள். குண்டு பொத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.

"குழிக்குள்ள ஒரு வாய் டீ குடிக்க உக்காந்தேன், அதுக்குள்ள இம்புட்டு ரகளையா? எல்லார் குண்டும் இங்கனதானே நிக்கும். பதினெட்டு வருஷமா நான்தான் பலகையைச் சுமந்துட்டு வாரேன்."

தவசிமுத்து தலையை ஆட்டினார். துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

பிலவேந்திரன் பதிவேட்டில் பத்துப் புள்ளி போட்டார். சுட்டவர் தவசிமுத்து. சேர்த்தவர் இசக்கியம்மாள்.