மணவாளன் இறங்காத பஸ்

வேலை போன மறுநாள் காலை, டிரைவர் மணவாளன் தன் வீட்டுக் கூடத்தில் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கீழே நாற்காலி இல்லை. பஸ்ஸில் டிரைவர் சீட் இருக்கும் உயரத்தில், முழங்கால் மடங்கி, இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கில் அந்தரத்தில் இருந்தார். அன்றைக்கு பாகூர் கடைத்தெருவில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், கத்திரிக்காய் முப்பது. பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சோரியாங்குப்பத்தில் பாதி ஊர் வந்து பார்த்தது. கரும்பு வெட்டுக்கு நேரமாச்சு என்று கலைந்தும் போனது.

மதகடிப்பட்டிலிருந்து பாகூர் வழியாக எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர் அவர். டிரைவர் இல்லாத பஸ் வரப்போகிறது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது சண்டை போடவில்லை, அழவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தார். அவர் மனைவி வசந்தா, "எங்கனா வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல." "பசிக்குதா?" "தெரியல." அவர் பார்வை எதிர்ச் சுவரை விட்டு நகரவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று வசந்தா சோறு ஊட்டினாள். வாயைத் திறந்தார், மென்றார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் வந்து பிரஷர் பார்த்து, என்னைவிட நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது பஸ் ஆயுத பூஜையை ஒட்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, ஏசி போட்டு, டிரைவர் சீட்டே இல்லாமல் இருந்தது. வண்டி என்றால் பூஜை போட வேண்டாமா? சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி நகரவில்லை. "பாதையில் பொருள் உள்ளது, தயவுசெய்து அகற்றவும்" என்று ஒரு பெண் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. கம்பெனி இன்ஜினியர் சுரேஷ்குமார் தலையிலடித்துக்கொண்டு பழங்களைப் பொறுக்கி எடுத்ததும் அழகாகக் கிளம்பிப் போனது. ஆனால் யார் ஏறுவது?

"எலுமிச்சம்பழத்து மேல ஏறவே பயப்படுற வண்டி, நம்மள இன்னாத்த காப்பாத்தப் போவுது?" என்றார் உரக்கடை சிங்காரவேலு. அதோடு முடிந்தது. கை காட்டினாலும் நிற்காது, கரும்புக் கொல்லைக்கு எதிரே இறக்கிவிடச் சொன்னாலும் கேட்காது. மழைக்காலம் போய், அறுவடை போய், அடுத்த நடவும் வந்தது. பஸ் காலியாகவே போய் வந்தது. ஜனங்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்குள் மணவாளன் உயரத் தொடங்கியிருந்தார். முதலில் வசந்தாவுக்கே தெரியவில்லை. பெஞ்சு எட்டாமல் போய் ஏணி வைத்தபோதுதான் தெரிந்தது. பொங்கல் கழிந்து மின்விசிறியைக் கழற்றினாள். அவர் தலை கூரையில் இடித்தது. இரண்டு ஓடுகள் விலகி வானம் தெரிந்தது. இடுப்பில் துண்டைக் கட்டி ஜன்னல் கம்பியோடு முடிந்தாள். துண்டு விறைத்தே இருந்தது. "பூடாதய்யா" என்று கெஞ்சினாள். அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. அழுது அழுது அவளுக்கும் ஒருநாள் கண்ணீர் நின்றுவிட்டது. அதன்பிறகுதான் யோசிக்க முடிந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் வசந்தா அவரைத் துண்டோடு பிடித்துக்கொண்டு தெருவில் வந்தாள். திறந்தவெளியில் அவர் மேலே இழுக்க, அவள் குதிகால் மண்ணில் ஊன்றவில்லை. நாங்கள் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டோம். நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. கதவு தானாகத் திறந்தது. உள்ளே கொண்டுபோனதும் மணவாளன் மெல்ல இறங்கி, இல்லாத சீட்டின் உயரத்துக்கு வந்து நின்றார். துண்டு தளர்ந்தது.

வண்டி ஏன் காலியாகவே ஓடுகிறது என்று பார்க்க வந்திருந்த சுரேஷ்குமார், கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டு, "உள்ள டிரைவர் இருக்கார்னு காட்டுதுங்க" என்றார்.

"வூட்ல வச்சிருந்தா மேல பூடுவாரு. இதுல இருந்தா இங்கயே சுத்திக்கினு இருப்பாரு. எனக்கு அது போதும்" என்றாள் வசந்தா. துண்டை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிங்காரவேலு கடைக்கு ஓடி நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அடியில் வைத்தார். சக்கரங்கள் நசுக்கிக்கொண்டு போயின. ஜனங்கள் ஏறினார்கள். இப்போது கை காட்டினால் நிற்கிறது. கரும்புக் கொல்லை, ஏரிக்கரை, எங்கே சொன்னாலும் இறக்கிவிடுகிறது. கம்பெனி அறிக்கையில் இன்றைக்கும் அது டிரைவர் இல்லாத பஸ்தான். இருக்கட்டும். ராத்திரிக்கு அவர் வீட்டுக்கு வருவதில்லை. மதகடிப்பட்டு ஷெட்டில், சார்ஜ் ஏறும் வண்டிக்குள்ளேயே இருக்கிறார்.

வசந்தா பாகூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். போகும்போதும் வரும்போதும் அவருக்குப் பின்னால் நின்று, கொண்டுவந்த சோற்றை ஊட்டுகிறாள். அவர் மெல்லுகிறார், திரும்புவதில்லை. சாயங்காலம் தன் வீட்டெதிரே அவள் இறங்கியதும் பஸ் உடனே கிளம்பாது. அவள் பூட்டைத் திறந்து, உள்ளே போய், விளக்கைப் போடும்வரை நிற்கும். பிறகு போகும். வண்டியிலிருக்கும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.