அலமாரிக் கதவுக் கித்தார்

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், என் அலமாரிக்கு ஒரு பக்கக் கதவக் காணோம். சேலையெல்லாம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. பின்பக்கம் போனா, எங்க வீட்டு மனுசன் அந்தக் கதவ பெஞ்சு மேல மல்லாக்கப் போட்டு, பென்சிலால வளைச்சு வளைச்சு என்னமோ வரைஞ்சுகிட்டு இருக்காரு. பக்கத்துல ரம்பம்.

"என்னங்க இது?"ன்னு கத்துனேன்.

அவருக்குக் கேக்கல. எங்க வீட்டுக் கதையே அதுதான்.

அவரு பேரு சூசைமுத்து. ரிங்லெட் டவுனுக்கு மேல மலையில இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில ஃபிட்டர். எந்த மெஷின் நின்னாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. நான் பவுலின், அதே ஃபேக்டரியில தூள் சலிக்கிற பக்கம் வேலை. ரெண்டு வருஷமா அவரு காது கொஞ்சங் கொஞ்சமா அடைச்சுகிட்டே வந்துச்சு. ஈப்போ ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துட்டு, நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, காதுக்குள்ள இருக்கிற குட்டி எலும்புதான் இறுகிப் போச்சுன்னு சொல்லி ஒரு காது மெஷின் குடுத்தாரு. அத மாட்டுனா கத்திப் பேசுறது கேக்கும். பாட்டு மட்டும் தகரத்தத் தரையில இழுக்கிற மாதிரி இருக்குன்னு மூஞ்சியச் சுளிப்பாரு.

பேச்சு கேக்காட்டி போகட்டும்லா. நான் பேசுறதுல பாதி திட்டுதான், கேக்காம இருந்தா அவருக்கு லாபம். ஆனா பாட்டு அப்படி இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து மாதா கோயில்ல அவரு கித்தார் வாசிப்பாரு, நான் பாடுவேன். சண்ட போட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற வாரத்துலகூட, ஞாயித்துக்கிழமை அவரு கம்பிய மீட்டிட்டு என் பக்கம் தலையத் திருப்புவாரு. நான் ஆரம்பிப்பேன். அத்தோட சண்ட முடிஞ்சுடும். நாங்க ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டதே அப்படித்தான்.

போன கிறிஸ்மஸ் பூசையில பாட்டு முடிஞ்சு எல்லாரும் உக்காந்துட்டாங்க. இவரு மட்டும் கண்ண மூடிக்கிட்டு வாசிச்சுகிட்டே இருக்காரு. பின்னால இளசுங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுதுங்க. சிரிப்பு அவரு காதுல விழல. கண்ணத் திறந்தப்ப கண்ணுல விழுந்துடுச்சு. வீட்டுக்கு வந்து கித்தாரத் துணியில சுத்தி எடுத்து வச்சவருதான், அப்புறம் தொடவே இல்ல. கோயில்ல கீபோர்டு வாசிக்கிற ஷாரன் வந்து, "ஆன்ட்டி, நான் வாசிக்கிறேன், நீங்க பாடுங்க"ன்னு நல்ல மனசோடதான் கேட்டுச்சு. "அவரு வாசிக்காம எனக்கு வாய் வராதும்மா"ன்னுட்டேன். வீம்புதான். இருந்துட்டுப் போகட்டும்.

அப்படி இருந்த மனுசன் இப்ப ரம்பத்தோட நிக்கிறாரு. சட்டைப் பையிலேர்ந்து காது மெஷின எடுத்து நானே அவரு காதுல சொருகி, மறுபடியும் கத்துனேன்.

"எலக்ட்ரிக் கித்தார், பவுலின்! நாமளே செய்யலாம். ஆம்ப்ளிஃபையர்ல சத்தத்தக் கூட்டி வச்சா எப்படியும் காதுக்குள்ள போயிடும்லா. அப்புறம் நீ பாடலாம்."

அந்த மூஞ்சியில வெளிச்சத்தப் பார்த்து மாசக்கணக்காச்சு.

"அதுக்கு எங்கம்மா குடுத்த தேக்கு அலமாரிதான் கெடச்சுதா? அறுக்கிறதுதான் அறுக்கிறீங்க, கோணாம அறுங்க"ன்னு சொல்லிக் கதவோட அந்த மூலையப் பிடிச்சுக்கிட்டேன்.

அவரு மனசுல இருந்தது இப்பத்துக் கித்தார் இல்ல. கறுப்பு வெள்ளப் பட காலத்துல பேண்டுக்காரங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வச்சிருப்பாங்களே, மேல ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு, அந்தக் காலத்து மோட்டார் காடிக்கு அடிச்ச பச்சக் கலர்ல, நடுவுல வெள்ளத் தகடு பதிச்சு, அது. இப்பக் கடையில வர்றதுக்கெல்லாம் மூஞ்சியே இல்லையாம். எனக்கென்னமோ அவரு கல்யாண போட்டோவுல இருந்த தன் மூஞ்சியத்தான் தேடுறாருன்னு தோணுச்சு.

கதவ ரெண்டா அறுத்து ஒட்டிக் கனமாக்குனாரு. குளிர்ல பசை காயவே இல்ல, அது மேல என் அம்மிக்கல்லத் தூக்கி வச்சாரு. கழுத்து மட்டும் ஈப்போவுல பழைய சாமான் கடையில வாங்குனது. கம்போங் ராஜா டவுனுல மூடிப்போன ஒரு கடையோட பிளாஸ்டிக் போர்டு வெள்ளத் தகடாச்சு. உடைஞ்ச ரேடியோவோட திருகு ரெண்டும் சத்தம் கூட்டுற திருகாச்சு. கித்தார் சத்தத்தப் பிடிக்கிற காந்தத்துல செப்புக் கம்பி சுத்துறதுக்கு என் தையல் மெஷின் சக்கரம். நான் மிதிப்பேன், அவரு மயிரு மாதிரி கம்பிய விரல் நடுவுல விட்டுக் குடுப்பாரு. வேகமா மிதிச்சா அறுந்துடும். "மெதுவா, மெதுவா"ம்பாரு. "சோறு யாரு ஆக்குறது?"ம்பேன். சத்தியமா சொல்றேன், அந்த நாளெல்லாம் நான் ரொம்பச் சந்தோஷமா இருந்தேன்.

பெயிண்ட் அடிச்சப்பதான் சனியன் பிடிச்சுது. மதியத்துக்கு மேல இங்க மூட்டம் இறங்கிடும். அந்த ஈரத்துல ஸ்ப்ரே அடிச்சா பச்ச மேல பால் ஊத்துன மாதிரி வெள்ளையாப் பூத்துடுது. தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி மறுபடி அடிச்சாரு. ஒவ்வொரு தடவையும் அதே வெள்ள. ஒருநாள் அதக் காணோம். எங்கன்னு கேட்டா, "காஞ்ச இடத்துல வச்சிருக்கேன்"னு சிரிச்சாரு.

எங்கன்னு மறுநாள் ஃபேக்டரிக்கே தெரிஞ்சுடுச்சு. கொழுந்து வாட்டுற மாடியில, சூடான காத்து வர்ற மூலையில தொங்க விட்டிருக்காரு!

எங்க தோட்டத்துல பச்சப் புள்ளைக்கும் தெரியும், தேயிலை பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்த உறிஞ்சிக்கும். மல்லியப்பூ வச்சிக்கிட்டு வந்த பொண்ண வாசல்லயே திருப்பி அனுப்புற மனுசன் இவரு. மீன் பொரிச்ச சேலையோட வராதன்னு என்னையே வீட்டுக்கு விரட்டுனவரு. அவரே பெயிண்டக் கொண்டுபோய்க் கொழுந்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. அன்னிக்கு இறங்குன தூள் அத்தனையும் பெயிண்ட் தின்னர் நாத்தம். ருசி பார்க்க டீய வாயில வச்ச மேனேஜர் துரை துப்பிட்டு, மாடி ஏறிப் போய்க் கித்தாரோட கீழ வந்தாரு.

துரை சின்ன வயசுக்காரரு, நல்ல மாதிரி. சத்தம்கூடப் போடல. "அண்ணே, நீங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ்வளவு பேரு முன்னால அந்த வார்த்தையும் இவருக்குக் கேக்கல, துரையோட உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டாரு. நான் சலிக்கிற இடத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே நிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கித்தாரச் சாக்குல போட்டுக் கட்டுனாரு. "குப்ப லோரி வந்தா தூக்கிக் குடுத்துடு." அவ்வளவுதான் பேச்சு. காது மெஷினயும் கழட்டி வச்சுட்டாரு. நான் கத்துனாலும் கேக்காத இடத்துக்குப் போய் உக்காந்துக்கிட்டாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு. இத விட்டா இந்த மனுசன் இனிமே பாட்டுப் பக்கமே வர மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு.

லோரி வந்துச்சு. போச்சு. நான் குடுக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாக்க அவுத்து, அவரு கண்ணு முன்னாலயே கித்தார மேச மேல வச்சேன். ஒரு பக்கம் பச்ச, ஒரு பக்கம் வெள்ளப் படலம். நாத்தம் போயிருந்துச்சு. மத்ததெல்லாம் அவரு முன்னாடியே பொருத்தி, அது மேல பேப்பர் ஒட்டி மறைச்சுத்தான் பெயிண்ட் அடிச்சிருந்தாரு, கம்பி மட்டுந்தான் பாக்கி. போன்ல வீடியோவப் பார்த்து நானே கட்ட ஆரம்பிச்சேன். அவரு ஜன்னலப் பார்க்கிற மாதிரி என்னப் பார்த்துக்கிட்டிருந்தாரு. தடிச்ச கம்பிய நான் கடைசியில, மெல்லிசு போற இடத்துல கட்டுனதுதான் தாமசம்.

"அறிவிருக்காடி உனக்கு?"ன்னு எந்திரிச்சு வந்து பிடுங்கிக்கிட்டாரு.

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

ஒழுங்காக் கட்டி, போனப் பார்த்துச் சுருதி சேர்த்து, காது மெஷின மாட்டிக்கிட்டு, ஷாரன்கிட்ட இரவல் வாங்கி வச்சிருந்த ஆம்ப்ளிஃபையர்ல சொருகுனாரு. மீட்டுனாரு. கூட்டுனாரு. இன்னும் கூட்டுனாரு. ஜன்னல் கண்ணாடி அதிருது. பக்கத்து வீட்டு புனிதா, "அக்கா, வீடு இடிஞ்சு விழுதா?"ன்னு கத்துறா. அவரு மூஞ்சி மட்டும் அப்படியே விழுந்து போச்சு.

"அதே தகரம்தான் பவுலின்"னாரு. வயரப் பிடுங்கிட்டாரு. காது மெஷினக் கழட்டி மேசயில வச்சாரு. மடியில இருந்த கித்தார் மேல அப்படியே குனிஞ்சு, ஒரு கொம்பு மேல தாடைய வச்சுக்கிட்டாரு. அழறாரோன்னு பார்த்தேன். விரல் மட்டும் சும்மா ஒரு கம்பியத் தட்டுச்சு.

தட்டுன விரல் நின்னுடுச்சு. மறுபடி தட்டுச்சு. இன்னொரு கம்பி. அப்புறம் எல்லாக் கம்பியும்.

"பவுலின்…"ன்னாரு. "கேக்குதுடி. மரத்துலேர்ந்து நேரா தாடை எலும்பு வழியா வருது. தகரம் இல்ல. சுத்தமா வருது!"

வயரே இல்லாத கித்தார்ல எனக்கு ஏதோ கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்டுச்சு. அவரு கண்ணத் தொடைச்சுக்கிட்டே வாசிக்கிறாரு. எங்க கல்யாணத்துல வாசிச்ச மாதா பாட்டு. என் பக்கம் தலையத் திருப்புனாரு. தாடைய எடுக்காம, கண்ண மட்டும்.

நான் பாடுனேன். ரெண்டு அடி பாடுனதும் தலைய ஆட்டுனாரு.

"கித்தார் வருது. நீ வரல."

எனக்கு வந்துச்சே கோபம்! அலமாரி என்னுது, மிதிச்சது நான், லோரிக்குக் குடுக்காம ஒளிச்சு வச்சது நான். மரக்கட்டை உள்ள போகும், நான் மட்டும் வெளிய நிக்கணுமா? நாற்காலிய இழுத்து அவரு முன்னால போட்டேன். அடுத்த கொம்பு மேல என் தாடைய வச்சு அழுத்துனேன். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம். அவரு மூச்சுல மத்தியானம் வச்ச ரசம் வாசம் அடிக்குது. அப்படியே பாடுனேன். பல்லெல்லாம் கிடுகிடுங்குது, விடல.

அவரு கண்ண மூடிக்கிட்டாரு. கன்னத்துல தண்ணி வழிஞ்சு பச்சப் பெயிண்ட் மேல சொட்டுது. நானும் பாடிக்கிட்டே அழறேன். சரணத்துக்கு வந்தப்ப திடீர்னு வாசிக்கிறத நிறுத்திட்டாரு.

"என்னங்க?"ன்னு கேட்டேன். சத்தமே போடல. கொம்புலேர்ந்து தாடைய எடுக்காம, சாதாரணமாத்தான் கேட்டேன்.

"சுருதி இறங்குது, பவுலின். ஏத்திப் பாடு."