தாளத்தை ஒழித்தவர்

மனித குலத்தைத் தாளத்திலிருந்து விடுவித்தவர் எங்கள் தெருவில் பதினேழாம் எண் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். விடுதலை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு. பரிசோதனை இசைக்காரரான அவர் சுவர்க் கடிகாரத்தைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்ட, அது மூன்று நொடி ஓடியது, யோசித்தது, ஏழு நொடியை ஒரேயடியாகத் தாண்டியது. அன்று முதல் அந்தக் குச்சி பட்ட எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. குழாய் இஷ்டத்துக்குச் சொட்டியது. தெருமுனை சிக்னல் பச்சைக்கு மேல் பச்சையாகப் போட்டது. மனைவியின் தையல் மெஷின் ஒரு தையலை விரல் நீளத்துக்கும் மறு தையலை எள்ளளவுக்கும் போட, அந்தச் சட்டையைக் கலைக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். விமர்சகர்களுக்குப் புல்லரித்தது. சட்டை தைக்கக் கொடுத்தவளுக்கு மட்டும் புல்லரிக்கவில்லை.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் சின்ன டிரம் தட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கை சொல்பவர். "என்ன சகல, இன்னும் ரெண்டைத் தாண்டலையா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார் நம்மவர். "தாண்டினா பெருசுங்க விழுந்துடும் சகல" என்பார் அவர்.

எட்டு வருடங்களில் பதினோரு நாடுகள், மூன்று விருதுகள்; வீட்டில் ஒழுங்காகச் சுற்றும் ஃபேன் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒன்பதாம் வருடம், மூன்று திரைகள் கட்டிய மேடையில், அவருடைய இதயம் நேரலைப் படமாக முப்பதடி உயரத்துக்குத் துடித்தது. "தாளத்துக்கு மிச்சமிருக்கிற கடைசி அடிமை இதுதான்" என்று அறிவித்து, குச்சியால் தன் மார்பில் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் இதயம் ஒருமுறை துடித்தது, யோசித்தது, நின்றது. அவர் சரிந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இலவச டிக்கெட்டில் வந்திருந்த சகலை மட்டும் மேடைக்கு ஓடி, உள்ளங்கையால் மார்பில் தட்ட ஆரம்பித்தார்: "ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு." இதயம் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கூடவே வந்தது.

"இதயத்துக்கு ஒண்ணுமில்ல, எண்ணிக்கைதான் மறந்துபோச்சு. யாராவது தட்டிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. அவர் தூங்கும்போது மனைவி தட்டுகிறாள்; தையல் மெஷின் ஞாபகம் வந்தால் கொஞ்சம் பலமாக.

பகலில் அவர் முதியோர் வகுப்பின் கடைசி வரிசையில், மார்பில் இரண்டு விரலை வைத்துத் தட்டியபடி நிற்கிறார். "என்ன சகல, மூணுக்குப் போவோமா?" என்று போன வாரம் கேட்டார் சகலை. வேண்டாம் என்று தலையாட்டினார் நம்மவர். வாய் எண்ணிக்கொண்டிருந்தது.