ஐஸ் ஃபேக்டரிக்கு வந்த விருந்தாளிகள்

பல்செட் செய்பவருக்குப் பல வருஷமாகக் குளிரூட்டிய அறையில்தான் வேலை. பல்லை வரிசையாகப் பதித்துப் பார்க்கிற மெழுகு இளகிவிடக் கூடாது என்று அந்த அறையை எப்போதும் சில்லென்று வைத்திருப்பார்கள். அதற்குள் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிற மனுஷன், வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தவர் மாதிரி அளப்பார்.

வெளிநாட்டில் பயிற்சிக்குப் போனபோது பழக்கமான சிநேகிதன் ஒருவன் உண்டு. அந்த நாட்டுக்காரன், அவனும் பல் செய்கிறவன்தான். மனைவியோடு கோடையில் வரப்போவதாக அவன் சொன்னதும் இவர், "தாராளமா வா. எங்க ஊர் வெயில் உன்னை உரிச்சு எடுத்துடும். ஆனா நான் இருக்கேன், பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

"உங்களை யாரு பார்த்துக்கறது?" என்றாள் பல்செட்காரரின் மனைவி. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் மணிக்கூண்டு, அப்புறம் அருங்காட்சியகம், சாயங்காலம் ஆற்றங்கரை என்று திட்டம். மணிக்கூண்டுக்குப் பின்தெருவில் அவர் மைத்துனன் ஐஸ் ஃபேக்டரி நடத்திக்கொண்டிருந்தான். "மாமா, அப்படியே நம்ம இடத்துக்கும் கூட்டிட்டு வாங்களேன்" என்று ஃபோனில் கேட்டான்.

"அங்க என்ன மாப்ளே இருக்கு? மீன் வண்டியும் சேறும்தானே. வந்தவங்க ஊரைப் பார்க்க வேண்டாமா?" என்று வெட்டிவிட்டார்.

விருந்தாளிகள் இருவரும் தலைக்கு அகலத் தொப்பியும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பினார்கள். சிநேகிதனின் மனைவி நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். நல்ல உயரம், கதவு மாதிரித் தோள். அவள் தன் இன்னொரு தொப்பியை நீட்டியபோது பல்செட்காரர் சிரித்தார். "இதெல்லாம் உங்களுக்குத்தான். நாங்க இதுலயே பிறந்து வளர்ந்தவங்க."

மணிக்கூண்டின் படிகள் குறுகலாகச் சுற்றிச் சுற்றி ஏறின. மேலே போனதும் சிநேகிதன், இந்தக் கடிகாரம் எப்போது வைத்தது என்று கேட்டான். பல்செட்காரர் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அங்கே ஏறியதே இல்லை. "ரொம்பக் காலமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். நகரம் முழுக்கத் தகரக் கூரைகள் தகதகத்தன. தன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டதையும், விருந்தாளிகள் வாடாமல் படம் எடுத்துக்கொண்டிருப்பதையும் அவர் கவனித்தார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இறங்கும்போது பாதி வழியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றான் சிநேகிதன்.

"ஒண்ணுமில்ல. காட்சியை ரசிக்கிறேன்."

எதிரே வெறும் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவர் மெல்லச் சாய்வது போல் அவருக்குத் தோன்றியது. சாய்ந்தது அவர்தான்.

நீச்சல்காரி யோசிக்கவே இல்லை. பாட்டில் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு, அவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினாள். "வேண்டாம், நடப்பேன்" என்று அவர் முனகியது அவள் காதில் ஏறவில்லை. கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அவரிடம் போன மாதம்தான் பல்செட் வாங்கிய துணிக்கடைக்காரர் அந்தப் புதுப் பல் முழுவதும் தெரிய, "என்ன சார், ஊர் சுத்திக் காட்டுறாங்களா?" என்று விசாரித்தார்.

குளிர்ச்சியான இடம் பக்கத்தில் எங்கே என்று சிநேகிதன் கேட்டான். பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விரலை மட்டும் தூக்கிப் பின்தெருவைக் காட்டினார்.

மைத்துனன் பதறித்தான் போனான். அவரை நிழலான மூலையில் சாக்கின் மேல் படுக்கவைத்து, கழுத்தில் ஈரத்துண்டு சுற்றி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். டாக்டருக்கும் ஆள் அனுப்பினான். டாக்டர் வந்து பயமில்லை, அசையாமல் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனபிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஊரை நல்லா சுத்திப் பார்த்தாச்சா, மாமா?"

"பேசாம போ, மாப்ளே."

விருந்தாளிகள் இருவரும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். உப்புநீர்த் தொட்டியிலிருந்து நீளமான தகர டப்பாக்கள் சங்கிலியில் எழும்பின. அவற்றைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சரித்ததும், ஐஸ் பாளங்கள் வழுக்கிக்கொண்டு மரச் சரிவில் ஓடின. நீச்சல்காரி ஒரு கொக்கியைக் கேட்டு வாங்கிப் பாளத்தை இழுத்தாள். ஏற்றுகிற ஆட்கள் ஒதுங்கி நின்று கை தட்டினார்கள். சிநேகிதன் ஒரு பாளத்தின் முன் குந்தி உட்கார்ந்து உளியால் கொத்த ஆரம்பித்தான். மேல்வரிசைப் பற்கள், ஒவ்வொன்றும் செங்கல் அளவுக்கு.

பல்செட்காரர் படுத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். தான் வேண்டாம் என்று தள்ளிய இடத்தை இவர்கள் இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறுத்தியது.

"கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி இருக்கறது அவ்வளவு தட்டையா இருக்காது" என்றார்.

"எங்க ஊரில் இருக்கும்" என்றான் சிநேகிதன்.

"எந்த ஊர்லயும் இருக்காது. இப்படிக் கொடு உளியை."

விஷயம் கேள்விப்பட்டு மனைவி ஆட்டோவில் அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது, கழுத்தில் ஈரத்துண்டோடு அவர் சாக்கில் உட்கார்ந்து கீழ்வரிசையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தெருவே கூடியிருந்தது. அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"நாளைக்கு அருங்காட்சியகம் போறோம்ல?" என்று அவர் கேட்டார்.

அவள் விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தாள். நீச்சல்காரி கொக்கியைக் கீழே வைக்காமலே, நாளைக்கும் இங்கேயே வரலாமா என்று மைத்துனனிடம் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.