அனுப்பி வைக்கும் அடி

தேவானை தன் புருஷன் நாகராஜின் வாய்க்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் கட்டியவர்கள் இறுக்கிவிட்டார்கள். பாடுகிற வாய், வலிக்குமே என்றிருந்தது அவளுக்கு. செத்தவனுக்கு ஏது வலி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது.

லஸ் முனையில் சைக்கிள் ரிக்ஷா மிதித்தவன். ஆனால் மயிலாப்பூர் கால்வாய் ஓரத்திலிருந்து அடையாற்றங்கரை வரை எந்தக் குடிசையில் சாவு விழுந்தாலும் கானா பாட அவனைத்தான் கூப்பிட்டார்கள். செத்தவனின் குடியையும் குணத்தையும் நின்ற இடத்திலேயே பாட்டாக்கி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பான். சிரித்த வாய் மூடுமுன் அழ வைப்பான்.

"ஊரான் சாவுக்கெல்லாம் தொண்டைய கிழிச்சிக்கினு வர்றியே, ஊட்ல ஒரு நாளு பாட்றியாய்யா?" என்று தேவானை ஏசுவாள்.

"ஊட்ல பாடுனா சாவு உழும்மே" என்பான்.

இன்றைக்குப் பாட்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

வாசலில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே, நாகராஜின் பாட்டுக்கு வாசிக்கிற கரீமுல்லா தன் தந்தி வாத்தியமான புல்புல்தாராவை மடியில் வைத்திருந்தார். இத்தனை வருஷமும் நாகராஜுக்குப் பின்பாட்டு பாடிய அம்மாசி, முதல் தடவையாக முன்னால் நின்றான். போட்டிக் கானாவில் நாகராஜிடம் தோற்றுப்போய், முகத்தில் முழிக்க மாட்டோம் என்று போன சைதாப்பேட்டைக்காரர்கள்கூடக் கோரஸில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாசி எடுத்தது நாகராஜ் கட்டிய பாட்டு. அதைவிட நல்ல பாட்டு எவனிடமும் இல்லை. அடுத்தவன் கட்டிய பாட்டை அவன் பேரை எடுத்துவிட்டுப் பாடினால் மண்டை உடையும். கானாக்காரர்களின் சட்டம் அது. அதனால் கடைசிக்கு முந்தின அடியில் அனுப்புவது யார் என்று பாடுகிறவன் கேட்பான், பாட்டைக் கட்டியவன் பேரைக் கோரஸ் சொல்லும். கடைசி அடியில் செத்தவன் பேரைச் சொல்லிப் போய் வா என்று அனுப்ப வேண்டும். அனுப்பாமல் தூக்கினால் உயிர் தெருமுனையிலேயே நின்றுவிடும் என்பார்கள்.

அம்மாசி நன்றாகத்தான் பாடினான்.

"பாதி வழி துணைக்கு வாரேன்
பயப்படாத ராசா
பாடி உன்ன அனுப்புறது யாரு?"

"நாகராஜு" என்றது கோரஸ், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டோலக்கு நின்றது. அம்மாசியால் கடைசி அடியை எடுக்க முடியவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கரீமுல்லா எழுந்து தேவானையிடம் வந்தார். "டைம் ஆவுதும்மா. தூக்கச் சொல்லட்டா?"

"பாட்டு முடியலியே நைனா."

"அவன் பாட்டுல அவனையே எப்டிம்மா அனுப்பறது? எவன் வாயிலயும் வர்ல."

தேவானைக்குக் கோபம் வந்தது. ஊரில் உள்ளவனையெல்லாம் ஒருத்தன் விடாமல் அனுப்பி வைத்தவன். அவனை மட்டும் தெருமுனையில் நிற்க விடுவதா?

"அம்மாசி, எய்ந்திரு. அந்தக் கடைசியத் திருப்பிப் பாடு."

"முடியல அண்ணி."

"எனக்கு மட்டும் முடியுதா? பாடு."

அவன் பாடினான். டோலக்கு இல்லை, தாரா இல்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. "பாடி உன்ன அனுப்புறது யாரு?"

கோரஸ்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தேவானை" என்றாள் அவள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பாட்டு கட்டியவன் பேர் போய்விட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அனுப்புகிறவள் அவள் என்றால் கடைசி அடியும் அவளுடையதுதான். அதில் அவன் பேர் வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்வாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவனருகே குனிந்தாள். ராகம் வரவில்லை. சோறு ஆறுகிறதே என்று கூப்பிடுவது போலத்தான் வந்தது.

"போய் வாய்யா, நாகராஜு."

யாரோ பாடையில் கை வைத்தார்கள். "இருங்க" என்று தடுத்தாள். முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தூக்கச் சொன்னாள்.