மை தொடாத நாலாவது அட்டை

திருப்பருத்திக்குன்றம் வேர்க்கடலை மண்டி சாந்திநாதனின் ஒரே மகள் ஸ்ரேயா, ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயம் போனாள். அன்றைக்குக் கடலை மூட்டைக்கு இருபது ரூபாய் இறங்கியிருந்தது. ஊரில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். பள்ளிக்குக் கிளம்பிக் கூடத்தில் நின்ற பிள்ளையின் கன்னத்தின் வழியே, பின்சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று அவள் அம்மா ரத்னமாலா படித்துவிட்டாள். படித்து முடித்த பிறகுதான் எதன் வழியே படித்தோம் என்பது உறைத்தது.

ரத்னமாலா வீட்டிலிருந்தபடி வாழ்த்து அட்டை செய்பவள். அழிரப்பரில் உருவத்தை இடவலம் மாற்றி வரைந்து, பிளேடால் செதுக்கி, ஸ்டாம்ப் பேடில் ஒற்றித் தடித்த அட்டையில் பதிப்பாள். அன்னமும் மாங்காயும் பட்டுக்கரையில் விழுவது போலவே விழும் என்பதால் காந்தி ரோட்டுப் புடவைக்கடைகளில் அவள் அட்டைக்குக் கிராக்கி. மகளின் பிறந்தநாள் அழைப்புக்கென்று ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக ஸ்ரேயாவையே செதுக்கினாள். முதல் அட்டையில் சடைப்பின்னல்கூடத் தெளிவாக விழுந்தது. மறுபடி பேடுக்குப் போன கையைச் சாந்திநாதன் பிடித்துக்கொண்டான். காலிச் சாக்கைக்கூட உதறிக் கடலை பொறுக்குகிற ஆள் அவன். "ரப்பர்ல இன்னும் மை இருக்குதே, அதை யாருக்கு வச்சுக்கினு இருக்கற? அப்படியே குத்து. லைட் ஷேடுன்னு சொன்னா கடைக்காரங்களே மேல அஞ்சு ரூபா குடுப்பாங்க." இரண்டாவது வெளுத்து விழுந்தது. மூன்றாவது புகை மாதிரி. நாலாவதைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ இருப்பது தெரிந்தது. முதல் மூன்றும் சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டன. நாலாவது அலமாரியில் கிடந்தது. மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

டாக்டர் ரத்தத்தில் குறையொன்றும் இல்லை, வெயிலில் விடாதீர்கள் என்றார். பிள்ளை பாதிதான் தெரிந்ததால் பள்ளியில் அரைநாள் வருகை போட்டார்கள். எதிர்வீட்டுக் கோதண்டபாணி திண்டிவனம் போகிற அவசரத்திலும் நின்று ஆறுதல் சொன்னார்: "பட்டு வேட்டியே ரெண்டாவது சலவையில வெளுக்குதும்மா, புள்ள வெளுக்காதா?" பயந்தவள் ரத்னமாலா ஒருத்திதான். காற்றில் கலைந்துவிடுமோ என்று மின்விசிறியை நிறுத்தினாள். பிள்ளையின் மணிக்கட்டில் நீளமான சிவப்புப் பட்டிழையைக் கட்டி மறுமுனையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற சமண வீடு அது. ஊட்டும்போது சோற்றுருண்டை தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊட்டினாள். வெள்ளிக்கிழமை கொலுசுச் சத்தம் மட்டும் சமையலறைக்கு வந்து, "தண்ணி குடும்மா" என்றது. நீட்டிய டம்ளர் காற்றில் சாய்ந்து காலியானது. அதற்குமேல் இரண்டு ரிப்பன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அலமாரியிலிருந்து நாலாவது அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ரிப்பன்தான் மிச்சம்.

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும்: மையைத் தொட்டு மறுபடி பதிப்பது. புது அட்டையில் பதித்து, புதிதாக ஒருத்தி வந்து நின்றால்? அதனால் அதே அட்டையில், அதே இடத்தில். நல்லவேளை, எப்போதும் அட்டை மூலையில் மூலைமட்டம் வைத்து இடம் பிடித்துத்தான் பதிப்பாள். சாந்திநாதன் தொண்டையைச் செருமினான். "எதுக்கும் ஒரு வேஸ்ட் பேப்பர்ல சாம்பிள் பாத்துடலாம்மா."

"சாம்பிளா? என்னா மிச்சம் இருக்குதுன்னு சாம்பிள் கேக்கறீங்க? குத்தூசி விட்டு எடுத்துப் பாக்க உங்க பொண்ணு என்னா கடலை மூட்டையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் பேரம் பேசாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

காய்ந்த மை செதுக்கலில் அடைத்திருந்தால் கண் அடைந்துபோகும் என்று ரப்பரை ஈரத்துணியால் துடைத்தாள். "அம்மா, சில்லுனு இருக்குது," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. ரத்னமாலா துணியைக் கீழே வைத்தாள். பேடில் மெல்ல ஒற்றினாள். "கிச்சுகிச்சு மூட்டாதம்மா!" மை கூடினால் முகம் மூழ்கும், அழுத்தம் கூடினால் ரப்பர் ஓரமும் சேர்ந்து விழும், கை ஆடினால் இரட்டையாகும். அட்டை செய்யும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் இத்தனை பயம் இருந்திருக்காது. மூலைமட்டத்தில் ரப்பரைச் சேர்த்து, அட்டையில் இறக்கி, உள்ளங்கையால் நேராக அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து, ஈரத்துணி வேலையைக் காட்ட, ஸ்ரேயா தும்மினாள். ரத்னமாலாவின் கைக்கடியில் ரப்பரும் தும்மியது.

அசையாமல் நேர்மேலே தூக்கினாள். அட்டையைப் பார்க்கத் தைரியமில்லை, கூடத்தைப் பார்த்தாள். மூக்கைத் துடைத்தபடி ஸ்ரேயா நின்றிருந்தாள். மையின் நாவல்பழ நிறத்தில், முழுசாக, பின்னால் இருந்த நாள்காட்டியை மறைத்துக்கொண்டு. இடப்பக்கம் மட்டும் மயிரிழை தள்ளி இன்னொரு ஸ்ரேயாவின் விளிம்பு. இவள் கையைத் தூக்கினால் அது ஒரு கணம் கழித்துத் தூக்கியது. ரத்னமாலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது, இரண்டு தடவை கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு சாந்திநாதன் ஒவ்வொரு அட்டைக்கும் தானே ரப்பரை வாங்கி மை தொட்டுக் கொடுக்கிறான், கேட்காமலே இரண்டு தடவை. அந்த ஒரு ரப்பர் மட்டும் பஞ்சில் பொதிந்து பீரோவில் நகைகளோடு இருக்கிறது. ஸ்ரேயா தும்மினால் ரத்னமாலா இன்றைக்கும் போய்த் திறந்து பார்க்கிறாள். போட்டோக்காரர் ஆடாமல் நில் என்று சொல்வதை விட்டுவிட்டார். ஸ்ரேயா கல்லூரியில் சேர்ந்த வருஷம் அம்மாவும் மகளும் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். புதிதாக மாற்றலாகி வந்த கண்டக்டர் சிவபாலன் ஸ்ரேயாவையும் அவள் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "லேடீஸுக்கு ஃப்ரீதானே, என் கைக்காசா போவுது," என்று மூன்று டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்தார். ரத்னமாலா மூன்றையும் வாங்கிப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, மகளுக்கு இடப்பக்கம் ஒரு விரற்கடை இடம் விட்டு உட்கார்ந்தாள்.