ஒன்றிலிருந்து ஐந்து வரை

எங்கள் ஊர் டன்மோரில் மொத்தமே அறுநூறு வீடு. போனில் ஒருத்தர் தும்மினால்கூட யாரென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் கருத்துக்கணிப்பு எடுக்க உள்ளூர் ஆளையே வைக்கலாம் என்று எந்த மகானுபாவனுக்குத் தோன்றியதோ! வைத்தது என்னைத்தான். நானும் பல்லை இளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேலே இருக்கும் மலைக்காடு அரசாங்கத்துடையது, எல்லோருக்கும் பொது. எங்கள் குழாயில் வரும் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் மேர் என்ற ஓடையாக இறங்குகிறது. அங்கே தாமிரம் இருக்கிறதென்று ஒரு கம்பெனி வந்து நின்றது. காட்டைத் திறந்துவிடலாமா கூடாதா என்று மாவட்டக் குழு மேலிடத்துக்கு எழுத வேண்டும். அதற்கு முன் ஜனங்கள் மனதைக் கேட்டுச் சொல்லச் சொல்லி டென்வர் நகரத்தில் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் என்னைப் பிடித்தது.

காட்டைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. ஊரும் அதையேதான் சொல்லும் என்று சத்தியமாக நம்பினேன். பக்கத்துப் பள்ளத்தாக்கில் சுரங்கம் மூடி முப்பது வருஷமாகியும் ஓடை துரு நிறத்தில்தான் ஓடுகிறது, நாய்கூட வாய் வைக்காது. அதைப் பார்த்த பிறகும் திறந்துவிடு என்று எவன் சொல்வான்?

சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை என் சமையலறை மேஜையிலிருந்து கூப்பிட வேண்டும். தாளில் இருப்பதை வரி பிசகாமல் படிக்க வேண்டும். பதிலுக்கு ஆமாம் போடக் கூடாது, சலித்துக்கொள்ளக் கூடாது. ஒன்று என்றால் காட்டைத் தொடவே கூடாது, ஐந்து என்றால் முழுசாகத் திறந்துவிடலாம். சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எதிரே என் அண்ணன் வெர்லின் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி விட்டுப் போனதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு என் வீட்டில்தான். ஊர் ரோடுகளில் பனி தள்ளும் காண்டிராக்ட் அவனுடையது. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டிகளை வீடு வீடாகப் போய் நிரப்பும் லாரியும் அவனுடையது. சுரங்கம் வந்தால் மேலே ரோடு போடும் வேலை அவனுக்கு என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. காபியை உறிஞ்சிக்கொண்டு நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் வாரமே நெட்டியைக் கூப்பிட்டேன். மளிகைக் கடையில் கம்பெனிக்காரர்களை வண்டை வண்டையாகத் திட்டும் நெட்டி.

"ஆர்லிஸா? கேளு கேளு. அஞ்சு போட்டுக்கோ."

"அஞ்சுன்னா முழுசா திறந்துவிடறது. அதுதானா?"

"அதான், அதான். வெர்லின் நல்லா இருக்கானா? இந்த வருஷம் பனி ஜாஸ்தியாம். எங்க ரோட்ட மறந்துட வேணாம்னு சொல்லு, என்ன?"

ஐந்து போட்டேன். வாயில் வந்ததை விழுங்கினேன். அடுத்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஐந்து. மீன்பிடிக்க ஆட்களைக் கூட்டிப் போய்ப் பிழைக்கும் இரண்டு சகோதரர்கள், நாலு, ஐந்து. "வெர்லினுக்கு ஒரு ஹலோ சொல்லு" என்று முடிக்காத ஆளே இல்லை. இருநூறு பேரில் நூற்றைம்பத்தொரு பேர் திறந்துவிடச் சொன்னார்கள். கோழைக் கூட்டம், கம்பெனி வீசும் எலும்புக்கு வாலாட்டும் ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஹார்லன் பீட்டை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. போன வருஷம் சுரங்கம் வேண்டாம் என்று அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஜனவரியில் அவர் ரோட்டில் பதினோரு நாள் பனி தள்ளப்படவில்லை. வண்டி பழுது என்றான் வெர்லின். வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரி போக வேண்டிய ஹார்லனின் மனைவியைக் கடைசியில் பனியில் சறுக்கும் ஸ்லெட்ஜ் வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். வண்டி பழுதென்று நானும் நம்பினேன். கூடப் பிறந்தவனாயிற்றே.

கணிப்பு முடிந்த மறுவாரம் டென்வரிலிருந்து மேற்பார்வையாளர் காமில் கூப்பிட்டாள். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை பூராவும் மாவு, அதனால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். வெர்லின் வழக்கம்போல எதிரே.

"ஆர்லிஸ், பத்துல ஒருத்தர நாங்க திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்ப்போம், உங்களுக்குத் தெரியும்ல? இருபது பேரக் கூப்பிட்டேன். அதுல பதினேழு பேர் உங்ககிட்ட அஞ்சுன்னவங்க, என்கிட்ட ஒன்னுங்கறாங்க."

பிசைந்த கை நின்றது.

"ஒரு அம்மா அழுதே அழுதுட்டாங்க. காட்டக் காப்பாத்துங்கன்னு. நெஜமாவே எல்லாருக்கும் போன் போட்டீங்களா? இல்ல நீங்களே எழுதிக்கிட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் காட்டைக் கைவிடவில்லை. என் குரலில் அவர்கள் வெர்லினைக் கேட்டிருக்கிறார்கள். பனியையும் கேஸ் தொட்டியையும் ஹார்லன் மனைவியையும் நினைத்துக்கொண்டு ஐந்து சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் எதிரே இருப்பவன் கேட்பான். சொல்லாவிட்டால் என் பொய்க்கணக்கு மாவட்டக் குழுவுக்குப் போகும், காடு போகும், தண்ணீரும் போகும்.

"நானேதான் எழுதினேன்," என்றேன். "சோம்பேறித்தனம். யாருக்கும் போன் போடல."

காமில் என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டதாகவும், எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு வெளியூர் ஆட்களை வைத்துப் புதிதாக எடுக்கப் போவதாகவும் சொல்லி வைத்துவிட்டாள். அவமானம்தான். ஆனால் உள்ளே குதியாட்டம் போட்டேன். அந்நியக் குரல் கேட்டால் ஊர் உண்மையைச் சொல்லுமே!

வெர்லின் சிரித்தான்.

"நல்லா பொய் சொல்றடீ. ரெண்டு வாரமா இங்கயே உக்காந்து கேட்டேன். ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டியே."

மாவை மறுபடியும் பிசைய ஆரம்பித்தேன்.

"யாரு அந்தப் பதினேழு பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? அவ சொல்லலியே."

"பரவால்ல விடு. கேஸ் ரொப்பற சீசன்தான். எல்லாரையும் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்." கோபமே இல்லை அவன் குரலில். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அடுத்த பத்து நாள் அந்த வெள்ளை லாரி வீடு வீடாக நின்றது. தொட்டி நிரப்பக் கால் மணி நேரம் போதும், அவன் ஒரு மணி நேரம் இருந்தான். கடையில் நெட்டியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சாமான் தள்ளுவண்டியைத் திருப்பப் பார்த்தாள். விடவில்லை, மறித்தேன்.

"என்ன சொன்னான் உன்கிட்ட?"

"ஒன்னும் சொல்லல. காபி குடிச்சான். பேரப் பசங்க எப்பிடின்னு கேட்டான். இந்த வருஷம் ரோட்ட எத்தன மணிக்குத் தள்ளணும்னு கேட்டான். அவ்ளோதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னுமே சொல்லலியே ஆர்லிஸ். அதான் பயமா இருக்கு."

"இப்ப கூப்பிடறவங்க வெளியூர். அவங்களுக்கு உன்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. தைரியமாச் சொல்லு நெட்டி!"

"உனக்கென்னம்மா, நீ அவன் தங்கச்சி," என்றாள்.

அன்று மதியமே முதல் பனி விழுந்தது. எல்லா ரோடும் சுத்தமாகத் தள்ளப்பட்டது, ஹார்லன் பீட்டின் ரோட்டைத் தவிர. அதைப் பார்க்க ஊரே அந்த வழியாகப் போய் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தது. புது எண். நாங்கள் சூப்பும் ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"வணக்கம் மேடம். உங்க மாவட்டத்துப் பொதுக் காடு, தண்ணி பத்தி ஒரு கருத்துக்கணிப்பு. அஞ்சு நிமிஷம் போதும். யார் எவர்னு எங்கயும் வராது." சின்னப் பெண், தெற்கத்தி இழுவை. குலுக்கலில் என் எண்ணும் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அறுநூறு வீட்டில் அது ஒன்றும் அதிசயமில்லை.

தாளில் இருந்ததை அவள் வரி பிசகாமல் படித்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வெர்லின் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டான். அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்கவும் வேண்டாம். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வாரம் என் வாயாலேயே கேட்டவன்.

சொல்லடீ, ஒன்று என்று சொல், என்றேன் எனக்கு நானே. எனக்கு அவன் என்ன செய்துவிடுவான்? கூடப் பிறந்தவன். என் ரோட்டைத் தள்ளுவான், என் தொட்டியை நிரப்புவான். ஒன்றும் செய்யமாட்டான். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நெட்டிக்கும் பஸ்காரருக்கும் இருந்த காரணத்தில் பாதிகூட எனக்கு இல்லை.

"மேடம், இருக்கீங்களா?"

வெர்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முறைக்கவில்லை. சின்ன வயதில் நான் பாடம் ஒப்பிக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"அஞ்சு," என்றேன்.

"ரொம்ப நன்றி மேடம். மனசுல இருக்கறத வெளிப்படையாச் சொன்னதுக்கு."

வெர்லின் ஒரு துண்டு ரொட்டி எடுத்து, வெண்ணெய் தடவி, என் தட்டில் வைத்தான்.